சுவருக்கு வந்த கிளி பார்டர்

1984 ஜனவரி 9, திங்கட்கிழமை. விடியற்காலையில் எழுந்து, அடுத்த வேலைக்காக ஊறிக் கிடந்த சுண்ணாம்பைப் பழைய வாயில் புடவைத் துணியில் வடிகட்டினேன். ஒரு சிட்டிகை நீலம் சேர்த்தேன். கலர் ஒட்டுவதற்கான வஜ்ரப் பசையைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டுக் கஞ்சி குடித்தேன். பிறகு வெள்ளை அடிக்கும் நார் மட்டை, தூரிகை, பூ அச்சுத் தகடு, கலர் ஒற்றும் துணிப்பொட்டலம், சின்ன ஏணி எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆரணியிலிருந்து சேவூருக்குப் புறப்பட்டேன். பனி அதிகம். நெல் மில் வாசலில் புழுங்கல் ஆவியும் பனியும் ஒன்றாகக் கலந்து நின்றன. அந்த நாளைக்கு நான் நாட்குறிப்பில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த வேலை இதுதான்: ‘சேவூர், ஏகாம்பரம் வீடு. பார்டர் ஒரு பக்கம் பாக்கி. மதியத்துக்குள் முடியும்.’ அது முடியவே இல்லை.

பெயிண்டர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி சேகர் கேட்டதால் இதை எழுதுகிறேன். சேகர் என்னிடம் வேலை செய்தவன். இப்போது கலர் அட்டையை விரித்துவைத்து வியாபாரம் செய்கிறான். “அந்தக் காலத்துல கம்மி செலவுல வூட்ட அழகு பண்ணீங்களே, அத்த எழுதுங்க, படிக்கறவங்களுக்கு உபயோகமா இருக்கும்” என்றான். உபயோகமானவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

நான் தொழில் கற்றது காதர் மேஸ்திரியிடம். கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு மழைக்காலம் சுவர் சுரண்டினேன், இரண்டு கோடைக்காலம் சுண்ணாம்பு வடிகட்டினேன், அதன்பிறகுதான் மட்டை கைக்கு வந்தது. ஆனால் மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வெள்ளை அடிக்கும் வேலைக்கு வெள்ளைச் சட்டையில் வருவார். மாலையில் அதே வெள்ளையோடு திரும்பிப் போவார். எந்த வீட்டுக்குப் போனாலும் உடனே வேலையைத் தொடமாட்டார். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார், காய்ச்சல் பார்ப்பது போல. ஈரம் எங்கே ஏறுகிறது, எங்கே பொருமியிருக்கிறது என்று கை சொல்லிவிடும். பிறகு வீட்டுக்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “காலைல எந்திரிச்சதும் எந்தச் செவுரு கண்ல படுது?” காசு குறைவாக உள்ள வீட்டில் அந்த ஒரு சுவருக்கு மட்டும் நல்ல கலர். மற்றவற்றுக்குச் சுண்ணாம்பு போதும்.

இன்னும் சில. சுவரின் கீழ்ப்பாகத்தைக் காவியில் கொஞ்சம் கனமாக அடிக்க வேண்டும். எண்ணெய்த் தலையோடு சாய்ந்து உட்காரும் உயரம்வரை அந்தக் காவி போனால், ஒரு வருஷம் ஆனாலும் கறை தெரியாது. விளக்கு மாடத்தின் உட்புறத்தை வெளியே உள்ளதைவிட அடர்ந்த கலரில் அடித்தால் சின்ன அறைக்கு ஆழம் வரும். பட்டுக் கடை காலண்டரில் தேதித்தாள் தீர்ந்ததும் படத்தை எறியாமல், சுவரில் அதன் அளவுக்கு ஒரு கட்டம் கட்டி, கோடு இழுத்து, நடுவில் ஒட்டினால் கண்ணாடிச் சட்டம் போட்டதுபோல இருக்கும். ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று எறியும் எக்ஸ்ரே தாளைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பு போய்விடும். அரை பிளேடால் அதில் பூ வெட்டலாம். வெட்டும்போது இதழுக்கும் காம்புக்கும் நடுவே சிறு பாலம் விட வேண்டும், இல்லாவிட்டால் பூ கையோடு வந்துவிடும். துணிப்பொட்டலத்தில் கலரை ஏறக்குறைய உலர்ந்த நிலையில் தொட்டு ஒற்ற வேண்டும். ஈரம் இருந்தால் தகட்டுக்கு அடியில் கசிந்து, பூ அழுகின மாதிரி ஆகிவிடும்.

ஆரணியில் மட்டும் இதற்கு மேல் ஒரு விதி உண்டு. தறி இருக்கும் வீட்டில் சுண்ணாம்பு அடிக்கும்போது மேஸ்திரி சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொள்வார். வேறெங்கும் அவர் அப்படிச் செய்ததில்லை. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு நூலான பாவு மேல் ஒரு துளி சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்தால் அந்த இடத்தில் பட்டு வெந்து இற்றுவிடும். அன்றைக்குத் தெரியாது. நெய்துகொண்டு வரும்போது இழை இழையாக விடும். அதனால் தறிக்கு அருகில் உள்ள சுவருக்கு மட்டும் டிஸ்டெம்பரைக் கெட்டியாகக் கலந்து, தூரிகையைப் பிழிந்து பிழிந்து அடிப்போம். “மனுஷன் மேல பட்டா கழுவிக்கலாம்டா. பாவு மேல பட்டா ஒரு குடும்பம் காலி” என்பார்.

ஏகாம்பரம் வீட்டுக்கு என்னை அழைத்தது அவர் மனைவி பச்சையம்மாள். புதிதாகக் கரண்ட் இழுத்திருந்தார்கள். ஒரே ஒரு பல்பு, தறிக்கு மேலே.

“இருட்டா இருந்த வரிக்கும் ஒண்ணும் தெரியல அண்ணா. பல்பு வந்துச்சு, இப்ப செவுரு பூராப் புகை. பாத்துகினு உக்கார முடியல” என்றாள்.

ஏகாம்பரம் தறிக் குழியில் கால்களைத் தொங்கவிட்டபடி, ஊடுநூல் ஓட்டும் கட்டையான நாடாவை நிறுத்தாமலே பேசினார். “செவுத்துக்கும் சேத்து ஒல வெக்கறா. அடிச்சுட்டுப் போங்க, அப்பத்தான் என்னிய விடுவா.”

மேஸ்திரியின் கேள்வியை நானும் கேட்டேன். காலையில் எழுந்ததும் எந்தச் சுவர் கண்ணில் படும்?

“செவுத்த எங்க பாக்கறோம். பாவைத்தான் பாக்கறோம்” என்றாள் பச்சையம்மாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “தறிக்கு எதிர் செவுரு. நாடா வீசறப்ப தல நிமிர்ந்தா அதான் தெரியும்” என்றாள்.

தறியில் புடவையின் உடலுக்கு ஒரு நாடா, பார்டருக்குத் தனி நாடா. பார்டர் நாடாவைத் தறிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து வீசுவது அவள் வேலை. அந்த வருஷம் தை முகூர்த்தத்துக்காக, ஏகாம்பரத்துக்குப் பாவு தந்து கூலிக்கு நெய்ய வைக்கும் பட்டு முதலாளி புது பார்டர் கொடுத்திருந்தார். புளியம்பூங்கொத்துகள், இரண்டு கொத்துக்கு நடுவே தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் ஒரு கிளி. மேலே ஜக்கார்டு பெட்டியில் டிசைனைத் துளைகளாக அடித்த அட்டைகள் சுற்றச் சுற்ற, கீழே கிளி கொஞ்சம் கொஞ்சமாக வாலிலிருந்து முளைத்து வரும். நெய்த பாகத்தின் மேல் எப்போதும் ஒரு துணி போர்த்தியிருந்தது. பட்டில் தூசி படாமல் இருப்பதற்காக என்று நினைத்தேன்.

எந்தப் பூ அச்சு வேண்டும் என்று என் தகடுகளைக் காட்டினேன். தாமரை, மல்லிகைக் கொடி, மாங்காய். ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போய்க் கோலமாவு எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் அந்தக் கிளியைப் போட்டாள். கழுத்து திரும்பும் இடத்தில் மட்டும் விரல் கொஞ்சம் தயங்கி, பிறகு சரியாகப் போயிற்று.

“இதப் போட முடியுமா அண்ணா?”

ஏகாம்பரம் நாடாவை நிறுத்தினார். “அது வாணாம்டி. மொதலாளி டிசைனு.”

“வூட்டுக்குள்ளதான. யாரு வந்து பாக்கப் போறா? கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து நெய்யறோம். ஒரு பொடவ என் ஒடம்புல ஏறியிருக்குதா? செவுத்துலயாவது இருந்துட்டுப் போவட்டுமே.”

நாடா மறுபடி ஓடத் தொடங்கியது. அதையே சம்மதம் என்று அவளும் எடுத்துக்கொண்டாள், நானும் எடுத்துக்கொண்டேன்.

கிளியை எக்ஸ்ரே தாளில் எடுத்து வெட்டினேன். நான் வெட்டியவற்றிலேயே அதுதான் நல்ல அச்சு. கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே விட்ட பாலம் நூல் அளவுதான், ஆனாலும் நின்றது. வெளிர் மஞ்சள் சுவரில், தலை உயரத்துக்கு மேலே, அரக்குச் சிவப்பில் கிளி, பச்சையில் பூங்கொத்து. சுவர் பூராவும் ஒரு சேலையை விரித்துத் தொங்கவிட்டது போல இருந்தது. மாலையில் பல்பைப் போட்டதும் பச்சையம்மாள் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தாள். வீசவில்லை. “ஜல்தியா வீசுடி, கிளி எங்கியும் பறந்து போயிடாது” என்றார் ஏகாம்பரம். அவர் குரலிலும் ஒரு சந்தோஷம் இருந்தது. மீதிப் பக்கங்களுக்கு நேரம் கிடைத்தபோதெல்லாம் வந்து பார்டர் போட்டேன்.

மறுநாளிலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். “இன்னாடி, கிளி ஜோசியம் பாக்கற வூடா மாத்திட்டியா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “பாக்கறன். உங்க வூட்டுக்காரரு எப்ப குடிய விடுவாருன்னு கேட்டுச் சொல்றன்” என்றாள் பச்சையம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்துக்கொண்டே, கழுத்து எப்படித் திரும்புகிறது என்று விரலால் காற்றில் வரைந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அது மார்கழி மாதம். வாசல் நிறையக் கோலம் போடாவிட்டால் தெருவில் பேச்சு வரும் மாதம். என்ன நடந்திருக்கும் என்று இதைப் படிப்பவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எங்கள் யாருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. முதலில் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கிளி உட்கார்ந்தது. பிறகு எதிர் வீட்டில் இரண்டு, நடுவில் பூங்கொத்தோடு. அந்தத் திங்கட்கிழமை நான் சைக்கிளில் தெருவுக்குள் நுழைந்தபோது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வாசலுக்கு வாசல் கிளிகள் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தன. சில வீடுகளில் கலர் மாவும் நிரப்பியிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன், எந்தக் கிளியின் மேலும் சக்கரம் ஏறாமல்.

வேலை தொடங்கிச் சற்று நேரத்துக்கெல்லாம் முதலாளி வந்தார். பஸ்ஸில் இறங்கி நடந்தே வந்திருந்தார். அவரும் கோலங்களை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி வருவதை வாசல் வழியாகப் பார்த்தேன். உள்ளே வந்ததும் ஏகாம்பரம் குழியிலிருந்து எழப் போனார்.

“எந்திரிக்காத ஏகாம்பரம். கால் மிதிக்கட்டையில இருக்கட்டும்” என்றார் முதலாளி.

நின்றபடியே சுவரைப் பார்த்தார். ஒரு கோடியில் தொடங்கி, நான் ஒற்றிக்கொண்டிருந்த இடம்வரை கண்ணை ஓட்டினார். நான் ஏணியிலிருந்து இறங்கி நின்றேன்.

“நல்லா வெட்டியிருக்கியே” என்றார் என்னிடம். ஏளனமாகச் சொல்லவில்லை. பிறகு பச்சையம்மாள் பக்கம் திரும்பினார். “கிளிய யாரும்மா வரைஞ்சு குடுத்தது? நீயா?”

“ஆமாங்க மொதலாளி. வூட்டுக்குள்ளதாங்க போட்டுகினம்.”

“வூட்டுக்குள்ளதான். தெருவுல எல்லா வாசல்லயும் இருக்குதே.”

“அது அவங்களாப் பாத்துட்டுப் போட்டதுங்க. மார்கழி இல்லீங்களா.”

“மார்கழிதான். அடுத்து தை வருதில்ல.”

அவள் அப்போதுதான் புரிந்துகொண்டாள். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஏகாம்பரத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர் தலையைத் தூக்கவே இல்லை.

முதலாளி சத்தம் போடவில்லை. முதல் நாள் ஆரணியில் வேறொரு முதலாளியின் கடைக்குப் போயிருந்தாராம். அங்கே டிசைன் போடுகிறவர் கட்டம் போட்ட தாளில் இதே கிளியை வரைந்துகொண்டிருந்தாராம். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, சேவூரில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் பார்த்தது, அழகாக இருந்தது என்று ஒளிக்காமல் சொன்னாராம். “கோலத்துக்கு யாரப் போயி கேக்கறது சொல்லு” என்றார். தை முகூர்த்தத்துக்குக் கடைக்குப் போகும்வரை பார்டர் வெளியே தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அது எல்லாருடைய பார்டரும் ஆகிவிடும். வரைந்தவருக்கும் அட்டை அடித்தவருக்கும் ஆன செலவு, முன்கூட்டிச் சொல்லிவைத்த கடைகள் எல்லாம் வீண்.

“தறியில இருக்கறத முடிச்சுக் குடுத்துடு. அப்பறம் அட்டையக் கழட்டி எடுத்துகினு வந்துடு” என்றார் ஏகாம்பரத்திடம்.

“அடுத்த பாவுங்க?”

“அடுத்த பாவு கெடையாது.”

பச்சையம்மாள் சுவரைக் காட்டினாள். “இப்பவே அழிச்சிடறங்க. தெருவுலயும் போயிச் சொல்லி அழிக்கச் சொல்றங்க.”

“அழிக்கத்தான் வேணும். ஆனா அதுக்கும் பாவுக்கும் சம்பந்தமில்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போதும் கோலத்தை மிதிக்கவில்லை.

ஒரு பட்டு முதலாளி பாவைப் பிடுங்கினால் மற்றவர்கள் காரணம் கேட்பார்கள். காரணம் இதுவென்று தெரிந்தால் யாரும் தறிக்குப் பாவு தரமாட்டார்கள். நூலைத் திருடினவனைக்கூட நாளடைவில் சேர்த்துக்கொள்வார்கள், டிசைனை வெளியே விட்டவனைச் சேர்க்கமாட்டார்கள். இதை ஏகாம்பரம் எனக்கு விளக்கிச் சொன்னார், ஏதோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது போல. சொல்லிக்கொண்டே நெய்தார். பச்சையம்மாள் பார்டர் நாடாவைச் சரியாக வீசிக்கொண்டிருந்தாள். கிளியின் முதுகு வந்துகொண்டிருந்தது.

நான் நேராகக் காதர் மேஸ்திரியிடம் போனேன். முதலாளி வீட்டுக்கு ஆயில் பெயிண்ட் அடித்தது அவர்தான், அவர் வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு. முழுவதையும் கேட்டார். என்னைத் திட்டவில்லை. மாலை தொழுகை முடிந்ததும் வெளுத்த சட்டையொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

முதலாளி வீட்டுக் கூடத்தில் மேஸ்திரி உட்காருவதற்கு முன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “ஈரம் ஏறல” என்றார். காபி வந்தது. குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகுதான் சொன்னார்: “மொதலாளி, ஒரு செவுரு கெட்டுப்போச்சுன்னா நாங்க வூட்ட இடிக்கறதில்ல.”

“நீங்க மேல சுண்ணாம்பு பூசுவீங்க மேஸ்திரி. வெளிய போன டிசைன் மேல நான் எத்தப் பூசறது?”

“அவங்க விக்கப் போவல. ஆசப்பட்டுப் போட்டுக்கினாங்க.”

“தெரியும். அவன் தறி சுத்தமான தறி. அவன விடறது எனக்கும் நஷ்டம்தான். ஆனா மத்த தறிக்காரங்க பாத்துகினு இருக்காங்க. இந்தத் தடவ கிளி போச்சு. நான் சும்மா இருந்தா அடுத்த வருஷம் மயிலு போவும், அன்னம் போவும். எத்தினி வூட்டுச் செவுத்தப் போயி நான் பாக்க முடியும்?”

மேஸ்திரியிடம் பதில் இருக்கும் என்று நான் காத்திருந்தேன். அவர் எழுந்து, “வரங்க” என்றார். அவ்வளவுதான்.

திரும்பி நடந்து ஆற்றுப் பாலத்துக்கு வந்தோம். பிறகு சொன்னார்: “நம்ம வேலையில இதுதான்டா பேஜாரு. தப்பா செஞ்சாலும் எல்லாரும் பாப்பாங்க, நல்லா செஞ்சாலும் எல்லாரும் பாப்பாங்க. நாளைக்குப் போயி அத்த எடுத்துடு. சுண்ணாம்பு தொடாத, தறியில பாவு கீது.”

இதன் பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாவு முடிந்து ஏகாம்பரம் அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தையில் தறி வெறுமையாக நின்றது, மாசியிலும் நின்றது. மூன்று முதலாளிகளிடம் போய்வந்தார். பிறகு நெல் மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். காலை மடக்கி உட்கார்ந்தே வாழ்ந்தவருக்கு மூட்டை சரிப்படவில்லை. ஒரு மழைக்காலத்தில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறியபோது, அதை மண் போட்டு மூடி மேலே சிமெண்டு பூசினார்கள். பூசியவன் எனக்குத் தெரிந்த கொத்தன்தான். கிளி பார்டர் அந்த வருஷம் ஆரணியில் நன்றாக விற்றதாகக் கேள்விப்பட்டேன். ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் கிடைத்ததாம்.

யார்மேல் தப்பு என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அவள் ஆசைப்பட்டதிலா, பக்கத்து வீட்டுக்காரி கோலம் போட்டதிலா, முதலாளி கணக்கிலா? ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தால் யாரும் தவறாக எதுவும் செய்துவிடவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. தப்பு செய்தவன் ஒருவன் இருந்திருந்தால் அவனிடம் போய் நின்று கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகும் வேலை செய்தேன். சாரத்திலிருந்து விழுந்து முட்டி உடையும்வரை செய்தேன், ஐம்பத்திரண்டு வயதில் நிறுத்தினேன். ஆனால் வீட்டுக்காரர்கள் தாங்களாக ஒரு படம் வரைந்து காட்டி, இதைப் போடுங்கள் என்றால் என் கை பின்வாங்கும். “தாமரை போட்டுக்கலாமே” என்பேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆரணியில் இன்னும் பல வீடுகளில் என் தாமரை இருக்கிறது. யாருக்கும் அதனால் கெடுதல் இல்லை. யாரும் அதை நிமிர்ந்து பார்த்தும் நான் கண்டதில்லை. சேகர், நீ கேட்ட கம்மி செலவு யோசனைகள் எல்லாம் மேலே இருக்கின்றன. அவை நிஜமாகவே கம்மி செலவுதான்.

மறுநாள், ஜனவரி 10, செவ்வாய்க்கிழமை. சேவூர்த் தெருவில் அன்றைக்குக் கிளி இல்லை. எல்லா வாசலிலும் வெறும் புள்ளிக் கோலம். யார் போய்ச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ஏகாம்பரம் ஏற்கெனவே குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். பச்சையம்மாள் தன் இடத்தில் இருந்தாள். எனக்காக வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் புடவை முடிவது தள்ளிப்போகும், தள்ளிப்போனால் அதற்கும் பேச்சு வரும். நான் வாளியில் பச்சைத் தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டேன். மட்டை கூடாது, தெறிக்கும். பழைய துணியை நனைத்து, சொட்டு விழாதபடி முறுக்கிப் பிழிந்து, ஏணியில் ஏறினேன்.

கதவு திறந்தால் மறையும் மூலையில் ஒரு கிளி இருந்தது. “கதவுக்குப் பின்னால இருக்கறது வெளிய தெரியாது. அது ஒண்ணு இருந்துட்டுப் போவட்டுமா?” என்று கேட்டேன்.

பச்சையம்மாள் தலை நிமிரவில்லை. நாடா இந்தப் பக்கம் வந்தது, பிடித்தாள், திருப்பி வீசினாள்.

“வாணாம் அண்ணா” என்றாள். “மொதல்ல அத்த அழிச்சுடுங்க.”

அதைத்தான் முதலில் அழித்தேன்.